மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் கழனிகளில் சென்சாருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

இந்திய விவசாயி முதலில் மனமொப்பிக் கையில் எடுத்த தானியங்கிக் கருவி எது என்று கேட்டால், மிஸ்டு கால் என்றுதான் சொல்வேன். மோட்டார் கொட்டாயில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்தோ டீக்கடையிலிருந்தோ அந்த எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு முறை அழைத்தால் நிற்கும். கரண்ட் வந்துவிட்டதா, மூன்று பேஸும் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றுகிறதா என்று அதுவே திரும்ப அழைத்துத் தகவல் சொல்லும் மாடல்களும் உண்டு. அழைப்பை யாரும் எடுப்பதில்லை என்பதால் காசும் கிடையாது.

இதைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் முதிய வயதிலும் மோட்டார் போட நடையாய் நடந்த தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய ‘நானோ கணேஷ்’ கருவிக்கு 2009-ல் நோக்கியா நிறுவனம் நடத்திய உலகளாவிய போட்டியில் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டில் நோக்கியாவின் செல்போன்கள் மூட்டை மூட்டையாக வெளியேறிக்கொண்டிருந்த இடங்களில் ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஆலை ஓடிய காலத்தில் உள்ளே நகர்ந்த அசெம்பிளி லைனுக்கும் வெளியே இருந்த ஏரிப்பாசனக் கழனிக்கும் என்ன உறவு? கழனிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் உள்ளே வேலைக்குப் போனார்கள். அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது செல்போனால் இயங்கும் பம்ப்செட் கட்டுப்படுத்திக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு விலையில் பாதி. ஊர் ஊராக இது பரவியதற்குக் காரணம் தண்ணீர்ச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். த்ரீ பேஸ் கரண்ட் இரவில் வரும். வரப்பில் பாம்பு இருக்கும். தூக்கம் கெடும். விவசாயி அந்தப் பெட்டியை வாங்கியது தூக்கத்துக்காக.

ஷிப்டுக்குப் போன மண்வெட்டி

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். 1998-ல் ஹூண்டாயின் முதல் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ – நிசான், 2012-ல் டெய்ம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்கிறது. இவ்வளவும் வந்து உட்கார்ந்தது ஏரிகளின் நாட்டில். காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் நீர்வளத் துறையின் பொறுப்பில் 381 ஏரிகள். செங்கல்பட்டையும் சேர்த்தால் 909. பிள்ளைப்பாக்கம் ஏரி, ஸ்ரீபெரும்புதூர் ஏரி, மணிமங்கலம் ஏரி என்று சிப்காட் தொழிற்பேட்டை வரைபடத்தில் எங்கே விரல் வைத்தாலும் பக்கத்தில் ஒரு நீலத் திட்டு இருக்கும்.

ஏரி நிரம்பினால் சம்பா. அதில் மிச்சமிருந்தால் நவரை. கிணறோ போரோ உள்ளவருக்குச் சொர்ணவாரி. இந்த வட்டாரத்தின் ஆண்டுக் கணக்கு இதுதான். செம்பரம்பாக்கம் ஏரியும் ஒரு காலத்தில் கழனிகளுக்குப் பாய்ந்ததுதான். இப்போது அதன் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவு சென்னையின் குடிநீர்க் கணக்கில் இருக்கிறது.

கழனி குறைந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் கழனியில் தண்ணீர் கட்ட ஆளில்லாமல் போனதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. தண்ணீர் கட்டுவதற்கு உடம்பு வேண்டும், அதைவிட அதிகமாக ஞாபகம் வேண்டும். எந்த மடையை எவ்வளவு திறப்பது, எந்த வரப்பில் எலி வளை, எந்த மூலை மேடு, பக்கத்துக் கழனிக்காரர் முறை எப்போது முடிகிறது என்று எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு வயதாகிவிட்டது. அடுத்து வரவேண்டியவர் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்.

சரி, அவர் பஸ்ஸிலிருந்தபடி மிஸ்டு கால் கொடுக்கலாமே? பஸ்ஸிலிருந்து கொடுக்கலாம். ஆனால் பல ஆலைகளில் உற்பத்திக் கூடத்துக்குள் சொந்த செல்போனுக்கு அனுமதி இல்லை. செல்போன் செய்கிற ஆலைகளில் கெடுபிடி இன்னும் அதிகம். ஷிப்ட் முடியும்வரை கழனியில் மோட்டார் ஓடுகிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது. காலையில் போட்ட மோட்டாரை நிறுத்த மதியம் ஆளில்லை. ஆக, மிஸ்டு காலோடு விஷயம் முடியவில்லை. எப்போது போதும் என்பதைக் கழனியே முடிவுசெய்தாக வேண்டும். சென்சாருக்கு இந்த வட்டாரத்தில் வேலை தொடங்குவது இங்கேதான்.

மண்ணுக்குள் என்ன தெரிகிறது

மண் ஈரத்தை அளக்கும் மின்னணு சென்சார்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு இயற்பியல் உண்மையை நம்பியிருக்கின்றன. மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கிவைக்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. காற்றுக்கு அது 1. காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. தண்ணீருக்குச் சுமார் 80. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால், மண்ணில் செருகிய இரண்டு உலோகக் குச்சிகளுக்கிடையே அந்த எண்ணை அளந்தாலே எவ்வளவு ஈரம் என்று கணித்துவிடலாம். வேர் இருக்கும் ஆழத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று இரண்டு வைப்பது வழக்கம். மேலே உள்ளது எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லும். கீழே உள்ளது ஈரம் காட்டினால் வேரைத் தாண்டித் தண்ணீர் வீணாய் இறங்குகிறது என்று பொருள். நிர்ணயித்த அளவுக்குக் கீழே ஈரம் போனதும் கட்டுப்படுத்தி மோட்டாரைப் போடும், சொலினாய்டு வால்வைத் திறக்கும், போதுமானதும் மூடும்.

கேட்க எளிது. ஆனால் ஈரம் எத்தனை சதவீதம் என்பது செடியின் பிரச்சினையே கிடையாது. அந்த ஈரத்தை மண்ணிடமிருந்து பிடுங்க எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதே செடிக்கு முக்கியம். களிமண்ணில் கணிசமான ஈரம் இருக்கும்போதே செடி வாடலாம், ஏனென்றால் களி அதை விடாது. மணலில் அதில் பாதி இருந்தாலும் செடி தாராளமாகக் குடிக்கும். இந்த இழுவிசையை அளக்க ‘டென்சியோமீட்டர்’ என்ற பழைய கருவி இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய குழாய், அடியில் நுண்துளைப் பீங்கான் முனை, மேலே ஒரு முள். பேட்டரி வேண்டாம், சிம் வேண்டாம். புதிதாகக் கடை விரிப்பவர்கள் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். எந்த மண்ணுக்கு எந்த எண் என்று திருத்தி அமைக்காத சென்சார், விலை எவ்வளவு ஆனாலும், அலங்காரப் பொருள்தான்.

விற்பனைப் பிரசுரத்தில் வராத வேறு சில விஷயங்களும் உண்டு. வெடிக்கும் களிமண்ணில் சென்சாரைச் சுற்றி இடைவெளி விழும். உள்ளே காற்று புகுந்ததும், சுற்றிலும் ஈரம் இருந்தாலும் கருவி ‘காய்ந்துவிட்டது’ என்று கூவும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். போர் தண்ணீரில் சுண்ணாம்போ இரும்போ இருந்தால் சொட்டுநீர்க் குழாயின் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். சென்சார் தண்ணீர் கேட்கும், வால்வு திறக்கும், செடிக்கு ஒன்றும் வராது. லேட்டரல் குழாயை எலி கடிக்கும், அணில் கடிக்கும். இடி விழுந்தால் போர்டு போகும். செப்பு வயர் இரவோடு இரவாகக் காணாமல் போகும். பெரும்பாலும் முதலில் பழுதாவது சென்சார் இல்லை, மண் துகள் சிக்கிய வால்வுதான். அதைக் கழற்றித் துடைக்க எப்போதும் ஓர் ஆள் தேவை. ஆளில்லை என்றுதானே கருவிக்குப் போனோம்?

இதில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு கோயம்புத்தூரில் உருவானது. அங்குள்ள மத்திய அரசின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கையடக்கமான ஒரு மண் ஈரங்காட்டியை வடிவமைத்தது. இரண்டு குச்சிகளை மண்ணில் குத்தி பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் ஏராளம். பச்சை என்றால் போதும். ஆரஞ்சு என்றால் தண்ணீர் கட்டலாம். சிவப்பு என்றால் உடனே கட்ட வேண்டும். எண் கிடையாது, ஆப் கிடையாது, மாதச் சந்தா கிடையாது. ஒரே கருவியை ஊரே மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நீலமும் பச்சையும் எரியும்போது மோட்டாரைப் போடாமல் இருக்கும் தைரியத்தை விவசாயிக்குத் தருவதுதான் அதன் வேலை. பாதித் தண்ணீர் பயத்தில்தான் பாய்கிறது என்பதைத் தண்ணீர் கட்டிய எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

நெல் வேறு கதை

இதெல்லாம் கத்தரிக்கும் வெண்டைக்கும் மல்லிக்கும் கரும்புக்கும் சரி. ஏரிப்பாசனத்தின் பயிர் நெல். நீர் நிற்கும் கழனியில் மண் ஈர சென்சார் எந்நேரமும் ‘நனைந்திருக்கிறது’ என்றுதான் சொல்லப்போகிறது.

நெல்லுக்கு உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் கருவி ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. சுமார் 30 செ.மீ. நீளம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். கழனியில் புதைத்து உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். மேல்மண்ணிலிருந்து 15 செ.மீ. கீழே தண்ணீர் இறங்கும்வரை பயிருக்கு ஒன்றும் ஆகாது. அப்போது 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் நாட்களில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் பாசன நீரில் 30 சதவீதம் வரை குறையும், விளைச்சல் குறையாது. காற்று படாத சேற்றில் உருவாகும் மீத்தேனும் கணிசமாகக் குறையும். நம் ஊரில் இதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். திருந்திய நெல் சாகுபடி வந்தபோது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதையே வலியுறுத்தியது. இப்போது அந்தக் குழாய்க்குள் ஒலியலை சென்சாரை வைத்து, நீர்மட்டத்தைச் செல்போனுக்கு அனுப்பி, மோட்டாரோடு இணைக்கிறார்கள். போர் பாசனக் கழனியில் இது நன்றாகவே வேலை செய்யும்.

ஏரி ஆயக்கட்டில்தான் சிக்கல். அங்கே எல்லாக் கழனிக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் கழனி நிரம்பி வழிந்து கீழ்க் கழனிக்குப் போகும், அது நிரம்பி அடுத்ததற்கு. உங்கள் கழனி காய வேண்டிய நாளில் கீழ்க் கழனிக்காரருக்குத் தண்ணீர் வேண்டியிருக்கலாம். அது உங்கள் கழனி வழியாகத்தான் வந்தாக வேண்டும். உங்களுடைய சென்சார் ‘வேண்டாம்’ என்கிறது, அவருடைய சென்சார் ‘வேண்டும்’ என்கிறது. இரண்டும் சரியாகத்தான் சொல்கின்றன. மடையைத் திறப்பதா மூடுவதா? எந்த மென்பொருளிலும் இதற்கு விடை கிடையாது. வேருக்கு எவ்வளவு என்று கருவி சொல்லும். யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட் இணைப்புகள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மீட்டர் என்ற சொல்லே இங்கே வெடிமருந்து. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1972-ல் கோவை நகரமே மாட்டுவண்டிகளால் நிறைந்தது. நாராயணசாமி நாயுடு விவசாயிகளின் தலைவராக எழுந்தது அந்தப் போராட்டங்களில்தான். கருவி பொருத்த வருகிறோம் என்று சொல்லி வருகிறவரின் பையில் மீட்டர் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் பழமைவாதம் என்று சிரிப்பவர்களுக்கு அந்த வரலாறு தெரியாது.

இலவச மின்சாரத்தோடு சேர்ந்து வளர்ந்த தானியங்கி ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஸ்டார்ட்டரை ‘ஆட்டோ’வில் போட்டுவிட்டுப் படுத்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், போனதும் நிற்கும். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. சென்சார் வைப்பதால் குறையும் மின்கட்டணம் என்று ஒன்று இல்லாதபோது, தண்ணீரை மிச்சம் பிடிக்க விவசாயிக்கு என்ன தூண்டுதல்? ஆள்கூலி மிச்சம், உர மிச்சம், தூக்கம். இவை போதும், கருவி விற்றுவிடும். தண்ணீர் மிஞ்சுமா என்பது தனிக் கேள்வி.

மிஞ்சாது என்பதற்கு ஆதாரங்கள் குவிந்திருக்கின்றன. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2017-ல் கிறிஸ் பெர்ரி, பாஸ்குவாலே ஸ்டெடுடோ இருவரையும் கொண்டு பல நாட்டு அனுபவங்களைத் திரட்டியது. நவீனப் பாசனம் வந்த இடங்களில் விளைச்சலும் வருமானமும் கூடின. ஆனால் ஒதுக்கீட்டுக்கு வரம்பு இல்லாத இடங்களில் மொத்த நீர்ப் பயன்பாடு குறையவில்லை, பல இடங்களில் கூடிவிட்டது. மிச்சம் பிடித்த தண்ணீரில் விவசாயி இன்னும் அரை ஏக்கர் போட்டார், அல்லது அதிகத் தண்ணீர் கேட்கும் பயிருக்கு மாறினார். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் செய்வேன். 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் குவென்டின் கிராஃப்டனும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை இதை இன்னும் கூர்மையாக்கியது. கழனியில் ‘வீணாகும்’ தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி இன்னொருவரின் கிணற்றில் ஏறுகிறது. ஏரிப்பாசன ஊர்க்காரருக்கு இது புதுச் செய்தி இல்லை. ஏரியில் தண்ணீர் நின்றால் ஆயக்கட்டுக் கிணறுகள் ஊறும் என்பது அவர்கள் பாடம். மேல்கழனிக்காரர் சிக்கனமாக இருந்தால் கீழ்க் கிணறு வற்றலாம்.

போர் போடுவதற்கும் நடைமுறையில் வரம்பு இல்லை. தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே பத்து ஆண்டு தூங்கியது, 2013-ல் ரத்தானது.

இதற்காகக் கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டத்தை நினைவுபடுத்தலாம். 400 ஹெக்டேர், மூன்று ஆண்டுகள், சொட்டுநீரோடு கரையும் உரம். முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு முழு மானியம், அடுத்த ஆண்டு 90 சதவீதம், அதற்கடுத்து 80. மானியம் குறையக் குறையவும் ஆட்கள் வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தின் காய்கறியைக் கண்ணால் பார்த்துவிட்டார்களே. என்னைக் கவர்வது அந்தத் திட்டத்தின் குழாய்கள் அல்ல, அவர்கள் அமைத்த விவசாயிகள் சங்கங்கள். விதை, உரம் வாங்குவதையும் விலை பேசுவதையும் சேர்ந்து செய்தார்கள். கருவி அந்தக் கூட்டத்துக்குள் வந்தது. இன்றோ சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு, கூட்டம்தான் இல்லை. மானியத்தில் வாங்கிய லேட்டரல்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் மோட்டார் கொட்டாய்களுக்கும் பஞ்சமில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம்

தொழிற்சாலைக்குள் தண்ணீர் எப்படி நடத்தப்படுகிறது என்று பார்த்தால் பொறாமையாக இருக்கும். நுழையும் குழாயில் மீட்டர், ஒவ்வொரு கட்டடத்துக்கும் மீட்டர், வெளியேறும் கழிவுநீருக்கும் மீட்டர். 2019 முதல் கோயம்பேட்டில் சென்னையின் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறது குடிநீர் வாரியம். அந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்.

4.5 கோடி லிட்டர் என்றால் எவ்வளவு? கழனிக் கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். ஒரு போக நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். நிலையத்தின் ஒரு நாள் தண்ணீர் ஒன்பது ஏக்கர் நெல்லின் முழுப் போகத்துக்குச் சமம். ஆண்டு முழுவதும் கூட்டினால் செம்பரம்பாக்கம் கொள்ளளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சென்னையின் கழிப்பறைகளிலிருந்து வந்த தண்ணீர் கார் ஆலையின் பெயின்ட் பிரிவுக்குப் போகிறது, அந்த அளவுக்கு ஏரியில் கை வைக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அண்மைக் காலத்தில் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்றே சொல்வேன்.

கவனிக்க வேண்டியது, ஆலைகளின் தண்ணீர் அளக்கப்படுவதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. இவ்வளவு உனக்கு, இந்த விலைக்கு என்ற ஒப்பந்தம் முதலில் இருக்கிறது, மீட்டர் அதற்குப் பின்னால் வந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒப்பந்தமும் இல்லை, அளவும் இல்லை. ஏரி மதகில் பெயின்ட் உதிர்ந்த அளவுகோல் ஒன்று இருந்தால் பெரிது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் கால்வாய் மதகுகள் சூரிய மின்சாரத்தில் தாமாகவே ஏறி இறங்குகின்றன. விவசாயி செல்போனில் தண்ணீருக்கு ஆர்டர் கொடுக்கிறார், மதகு அளந்து விடுகிறது. அதை வீடியோவில் பார்த்து நம் அதிகாரிகள் வியப்பதுண்டு. ஆனால் அந்தக் கருவி வருவதற்கு முன்பே, 1995-ல், மர்ரே – டார்லிங் ஆற்றுப் படுகையில் மொத்தமாக எவ்வளவு எடுக்கலாம் என்று அங்கே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்ற உரிமை கனஅளவில் எழுதப்பட்டிருந்தது. மதகு அதை நிறைவேற்றியது. அங்கேயும் மீட்டரில் கைவைத்தவர்கள் இருந்தார்கள், விசாரணைகள் நடந்தன. ஆனால் கைவைக்க ஒரு கணக்காவது இருந்தது.

மதகுக்கு ஒரு கருவி

கணக்கு நமக்குப் புதிதா என்ன? இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலையைப் பற்றியவை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தேர்தலில் அமைந்த குழுக்களில் ஒன்று ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கணக்குக் காட்டும் கடமையும் ஒரே கல்லில் இருக்கின்றன. (பெண்களுக்கும் நிலமற்றவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை.)

பிற்காலத்தில் ஊருக்கு நீர்க்கட்டி இருந்தார். மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். தன் நிலத்துக்கு ஆதாயம் தேடாதவராக இருக்க வேண்டும் என்று பல ஊர்களில் நிலமில்லாதவரையே வைத்தார்கள். கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வந்தது. இப்போது 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன சபைகளும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் தாளில் உண்டு. பெரிய ஏரி நீர்வளத் துறைக்கு, 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு, சொட்டுநீர் தோட்டக்கலைத் துறைக்கு, பம்ப்செட் கருவி வேளாண் பொறியியல் துறைக்கு, கரண்ட் மின்வாரியத்துக்கு. ஏரி ஒன்றுதான், படியேற வேண்டிய அலுவலகங்கள் நான்கு.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் இறங்கியதற்குப் பிறகு, சென்னைப் படுகையில் தானியங்கி மழைமானிகளும் நீர்மட்டக் கருவிகளும் அமைக்கும் வேலை வேகம் பிடித்தது. அளவு வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது நகரம் மூழ்கியபோதுதான். வெள்ளத்தை எச்சரிக்க வைத்த அதே கருவி மறுநாளிலிருந்து பாசனக் கணக்குக்கும் உதவும். ஏரியில் இத்தனை அடி, இன்று மதகில் இவ்வளவு விட்டோம், இந்தக் கணக்கில் நவரைக்கு இத்தனை ஏக்கர்தான் தாங்கும் என்று டிசம்பரிலேயே சொல்லிவிடலாம். ஒரு நிபந்தனை, ஏரியை மறுபடி அளக்க வேண்டும். வண்டல் படிந்து படிந்து பத்தடித் தண்ணீர் என்பது பழைய அட்டவணையில் சொன்ன கனஅளவு இல்லை. மட்டத்தைத் துல்லியமாகச் சொல்லும் சென்சாரைத் தவறான அட்டவணையோடு இணைத்தால் பிழையும் துல்லியமாகவே வரும்.

எனவே, பணம் எங்கே போட வேண்டும் என்று கேட்டால் என் வரிசை வேறு. கழனிக்கு ஆயிரம் சென்சார் வைப்பதற்கு முன் ஏரிக்கு ஒன்று, மதகுக்கு ஒன்று, ஆயக்கட்டில் நான்கைந்து கிணற்றுக்கு ஒன்று. எண்கள் துறையின் சர்வரில் உறங்காமல் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஊர்க்காரர் செல்போனிலும் தெரிய வேண்டும். பங்கு பேசி முடித்த பிறகு கழனிக்குள் கருவி வரட்டும். அப்போது மோட்டார் தானாக நின்றால், நின்றதன் பலன் யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பராமரிப்புக்கு ஆள்? இந்தக் கேள்வியில்தான் மற்ற மாவட்டங்களில் இத்தகைய திட்டங்கள் படுத்துவிடுகின்றன. பேட்டரி தீர்ந்த கருவியைப் பார்க்க நகரத்திலிருந்து ஒருவர் வர வேண்டும், அவர் வருவதற்குள் போகம் முடிந்துவிடும். இந்த வட்டாரத்துக்கு மட்டும் அந்தச் சாக்கு செல்லாது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து, ஆலையில் சென்சாரும் வால்வும் கண்ட்ரோல் போர்டும் பழகி, ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் இளைஞர்களும் பெண்களும் வாலாஜாபாத் முதல் படப்பை வரை ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை இரண்டு மூன்று ஏரிகளுக்கு நீர்க்கட்டியாக வைக்கலாம், மதகின் மட்டமும் கிணற்றின் மட்டமும் பழுதான வால்வும் அவர் பொறுப்பு. கம்பெனி சம்பளத்துக்கு ஈடாக அவருக்கு யார் தருவது, ஆயக்கட்டுக்காரர் ஏக்கருக்கு இவ்வளவு என்று போடுவதா, ஊராட்சியா, தொழிற்பேட்டைகளின் சமூகப் பொறுப்பு நிதியா என்பதை இந்தச் சம்பா முடிவதற்குள் ஏதாவது ஓர் ஏரியிலாவது பேசி முடிக்க வேண்டும். தை பிறந்தால் நவரைக்கு நாற்று விட்டுவிடுவார்கள்.